‘வூட்லதான் இருக்கேன்’: எண்ணுவதற்கு முன் கேட்க வேண்டியவை

வியாசர்பாடியில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில் பழைய புடவைகளை விரித்து, அவற்றின்மேல் வரிசை பிசகாமல் அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் முன்னால், சில ஆண்டுகளுக்கு முன்பு வினாப்பட்டியலும் கையுமாக நான் நின்றிருந்தேன். வீட்டில் யார் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, கைவேலையை நிறுத்தாமலேயே பதில் சொன்னார்: “அவரு ஹார்பர்ல லோடு வேலைக்குப் போறாரு. பெரியவன் ஆட்டோ ஓட்றான். நான் வேலைக்கெல்லாம் போறதில்ல தம்பி, வூட்லதான் இருக்கேன்.” சொல்லிக்கொண்டே, ஓரம் சுருளத் தொடங்கியிருந்த அப்பளங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். கடைக்காரர் கொடுத்த மாவை உருட்டித் தேய்த்து, காயவைத்து, எண்ணிக் கட்டித் திருப்பிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கிவிடும் வேலை அது என்பது அரைமணி நேரம் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, தற்செயலாகத்தான் தெரியவந்தது.

அதற்குள் நான் படிவத்தில் 92 என்று எழுதிவிட்டிருந்தேன். தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகளில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் குறிக்க இரண்டிலக்கக் குறியீடுகள் உண்டு. எங்கள் படிவமும் அவற்றையே எடுத்தாண்டிருந்தது. சொந்தமாகத் தொழில் செய்பவர் 11. வீட்டுப் பணிகளை மட்டும் கவனிப்பவர் 92. அவற்றோடு வீட்டுத் தேவைக்காக விறகு சேர்ப்பது, தைப்பது போன்றவற்றையும் செய்பவர் 93. வீட்டிலிருந்தபடியே கூலிக்கு அப்பளம் போடுபவர் 11இல் வர வேண்டியவர்; 92இல் விழுந்துவிட்டால் உழைப்பாளர் கணக்கிலேயே இருக்க மாட்டார். துருவிக் கேட்கச் சொல்லித்தான் களப்பணியாளர் கையேடு சொல்கிறது. ஆனால் மாலைக்குள் பத்து வீடுகளை முடித்தாக வேண்டிய களப்பணியாளனுக்கு ‘வூட்லதான் இருக்கேன்’ என்பது தெளிவான விடையாகவே கேட்டது. அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. அவருடைய பேச்சில் ‘வேலை’ என்றால் வாசற்படியைத் தாண்டிப் போவது. படிவத்தில் அதற்கு வேறு பொருள். இரண்டு பொருளுக்கும் நடுவில் ஓர் உழைப்பாளி காணாமல் போனார். அவரைப் போல் எத்தனை பேர் அந்தக் கணக்கெடுப்பில் தொலைந்தார்கள் என்பதை எந்தச் சூத்திரத்தாலும் பிறகு மீட்டெடுக்க முடியாது; ஏனென்றால் பிழை மாதிரியில் இல்லை, கேள்வியில் இருந்தது.

ஆய்வு முறைகளைப் பற்றிய பல்கலைக்கழகப் பாடங்கள் அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கின்றன. எத்தனை பேர், எவ்வளவு, எந்த விகிதத்தில் என்று கேட்டு, விடைகளை எண்ணாக்கிக் கணக்கிட்டு முடிவுக்கு வருவது முதலாவது. எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது, நடப்பதை அதில் இருப்பவர்கள் எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்பதை நேர்காணல், நெடுநாள் உடனிருந்து கவனித்தல், குழுக் கலந்துரையாடல் ஆகியவற்றின் வழியாகத் தேடுவது இரண்டாவது. இந்தப் பிரிவினையோடு சேர்த்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தரவரிசையும் மாணவர்களின் மனத்தில் ஏறிவிடுகிறது: எண் என்றால் அறிவியல், பேச்சு என்றால் கதை. பண்புசார் ஆய்வுக்கு மிஞ்சிப்போனால் முன்னோட்டத்தின் மதிப்பு. இல்லையென்றால், அட்டவணைகளுக்கு நடுவே வாசகர் இளைப்பாறுவதற்காக வைக்கப்படும் இரண்டு மேற்கோள்களின் மதிப்பு. வட சென்னையில் பல கணக்கெடுப்புகளுக்காக மாடி மாடியாக ஏறி இறங்கிய எனக்கு இந்த வரிசையில் உடன்பாடில்லை. எண்ணுவதற்கான பெட்டிகளைச் செய்து கொடுப்பதும், எண்ணி முடித்தபின் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்வதும் பண்புசார் ஆய்வின் வேலை. அதைச் செய்யாமல் விட்ட இடத்தில் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தவறான ஒன்றைத்தான் அது துல்லியமாகச் சொல்லும்.

பெண்களின் உழைப்பைப் பற்றிய இந்தியக் கணக்குகளே இதற்குச் சான்று. 1976-77இல் பொருளியல் அறிஞர் தேவகி ஜெயினும் மாலினி சந்தும் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் சில கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, ‘வேலை செய்கிறீர்களா’ என்று கேட்டுக் குறித்துக்கொள்வதோடு நிற்காமல், வீட்டிலுள்ளோர் காலை முதல் இரவு வரை எதில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்பதைக் கவனித்துப் பதிவுசெய்தனர். உழைப்பாளர் அல்லர் என்று வழக்கமான கணக்கெடுப்புகள் ஒதுக்கிவைத்த பெண்களின் உழைப்பு அப்போதுதான் தாளில் ஏறியது. அந்தச் சிறிய ஆய்விலிருந்து, 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்த முன்னோடி நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புக்கு வர இருபது ஆண்டுகளும், 2019இல் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்புக்கு வர இன்னும் இருபது ஆண்டுகளும் பிடித்தன. 2019 கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களை. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எடுத்து வைக்கத்தக்க எண்கள் இவை. ஆனால், ‘நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்’ என்ற வகையில் கேள்வியை மாற்ற வேண்டும் என்ற அறிவு எண்ணிலிருந்து வரவில்லை. யாரோ சிலர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததிலிருந்து வந்தது.

இவ்வளவு சொன்னதால் எண்ணுவதை நான் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ளக் கூடாது. பி.சி. மகலநோபிஸ் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியதும், அவருடைய முயற்சியில் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியதும் இந்த நாட்டின் அறிவுலகச் சாதனைகளில் முன்வரிசையில் நிற்பவை. சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல்போல் யாரும் தேர்வாகும்படி, சரியாகத் தேர்ந்தெடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டால், ஊரின் மக்கள்தொகை லட்சமானாலும் கோடியானாலும், கிடைக்கும் சதவீதம் பெரும்பாலும் மூன்று புள்ளிகள் முன்பின்னாக உண்மையை ஒட்டியே இருக்கும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்று நாம் சொல்லிவைத்ததன் கணித வடிவம்தான் அது. கிளறிவிட்டுப் பதம் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இந்தத் தெருவில் எல்லாருக்கும் இருமல் என்று நான்கு பேர் சொன்னதை நம்பிக் கட்டுரை எழுதுகிறவரையும், எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று ஒரே ஒரு அதிகாரி சொன்னதை நம்பி அறிக்கை விடுகிறவரையும் ஒருசேர அடக்கக்கூடியது எண்ணிக்கை ஒன்றுதான்.

சென்னையே இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. காசநோயாளியைத் தனியான நல்வாழ்வு மனையில் சேர்த்து, நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் தந்தால்தான் பிழைப்பார் என்பது அன்று மருத்துவ உலகின் பொதுப்புத்தி. அந்த மையம் நகரின் ஏழை நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை மருத்துவமனையிலும் மற்றதை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலேயும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து ஓராண்டு பின்தொடர்ந்தது. 1959இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: வீட்டிலிருந்தே மருந்து எடுத்துக்கொண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர், அவர்களுடன் இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. காசநோய்ச் சிகிச்சை பற்றிய உலகின் கொள்கையை மாற்றிய முடிவுகளில் அது ஒன்று. நோயாளிகளிடம் எத்தனை நேர்காணல் நடத்தியிருந்தாலும் இந்த விடை கிடைத்திருக்காது. எது உண்மையில் குணப்படுத்துகிறது என்பது, குணமானவருக்கே தெரியாத செய்தி.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கேள்வியும் இருந்தது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரையை எல்லாரும் விழுங்கினார்களா என்பதை அறிய, ஆய்வாளர்கள் திடீரென்று வீடுகளுக்குப் போனார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். விழுங்காதவர்கள் எவ்வளவு பேர் என்பது அப்படித் தெரியும். ஏன் விழுங்கவில்லை என்பது தெரியாது. இன்றும் இந்தப் பகுதியில் காசநோய்க்கான களப்பணியில் இருப்பவர்களோடு பேசினால், அந்த ‘ஏன்’ ஒரே ஒரு காரணமாக இல்லை என்பது புரியும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது, உடம்பு தேறிவிட்டது, பிறகு எதற்கு மாத்திரை என்று நிறுத்துகிறவர் உண்டு. விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வந்து வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்கிறவர் உண்டு. மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அக்கம்பக்கத்தார் கண்ணில் மாத்திரை அட்டை பட்டுவிடக் கூடாது என்று அரிசி டின்னில் ஒளித்துவைத்து, ஒளித்துவைத்ததாலேயே மறந்துபோகிறவரும் உண்டு. ‘சிகிச்சையை இடையில் நிறுத்தியோர்’ என்ற ஒரே பெட்டியில் இவர்கள் அனைவரும் அடக்கம். ஆனால் முதலாமவருக்குத் தேவை விளக்கம், இரண்டாமவருக்குத் தேவை நேர மாற்றம், மூன்றாமவருக்குத் தேவை யாருக்கும் தெரியாமல் மருந்து பெறுவதற்கு ஒரு வழி. பெட்டியின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திட்டம் தீட்டுகிறவர் மூவருக்கும் ஒரே துண்டுப்பிரசுரத்தைத்தான் அச்சடிப்பார்.

தமிழில் கேள்வி கேட்பதில் தனியான இடர் ஒன்றும் இருக்கிறது. மனப்பாங்கை அளக்க ஐந்து படி அளவுகோல் ஒன்றை 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்துக் கொடுத்தார். ‘மிகவும் திருப்தி’யில் தொடங்கி ‘மிகவும் அதிருப்தி’யில் முடியும் அந்தப் படிகள் இல்லாத வினாப்பட்டியலை இன்று பார்ப்பது அரிது. புளியந்தோப்பிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு வீட்டில் குடிநீர் வழங்கல் எப்படி என்று கேட்டால், வருகிற விடை பெரும்பாலும் ‘பரவால்ல’. இது எந்தப் படி? குரல் ஏறினால் ‘எதிர்பார்த்ததைவிட நன்று’. குரல் இறங்கினால் ‘சொல்லி என்ன ஆகப்போகிறது’. சும்மா வந்து விழுந்தால் ‘உங்களோடு இதைப் பேச எனக்கு விருப்பமில்லை’. மூன்றையும் களப்பணியாளர் நடுப்படியில், 3 என்று பதிவார். ஆயிரம் வீட்டில் கிடைத்த 3களைக் கூட்டி, வகுத்து, தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்வரை சராசரி காண்பதில் யாருக்கும் தயக்கம் வருவதில்லை.

அதே வீட்டில் அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேறு செய்திகள் கிடைக்கும். நான் அப்படி உட்கார்ந்த ஒரு வீட்டில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் விடியற்காலை மூன்று மணிவாக்கில் வந்துகொண்டிருந்தது. முதல் நான்கு குடம் சாக்கடை வாடையடித்ததால் அதைக் கழுவவும் துடைக்கவும் ஒதுக்கிவிட்டு, ஐந்தாவது குடத்தைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சமையலுக்கு எடுத்துவைத்தார்கள். எங்கள் படிவம் லிட்டரில் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு ஏறத்தாழ 15 லிட்டர் என்று நாங்களே பெருக்கிக்கொண்டோம். முகர்ந்து பார்த்து ஒதுக்கிய நான்கு குடமும் குடிநீரோடு சேர்ந்து கணக்கில் ஏறிவிட்டது. மூன்று மணிக்கு விழித்திருந்தவரின் தூக்கம் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. ‘குடும்பம்’ என்ற சொல்லிலும் இப்படி ஒரு மடிப்பு உண்டு. ஒன்றாக வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவோர் ஒரு குடும்பம் என்பது கணக்கெடுப்பின் இலக்கணம். ஹவுசிங் போர்டின் ஒரே அறைக்குள் இரண்டு அடுப்பும், தனித்தனி அடுப்பு வைத்திருந்தும் ஒரே ரேஷன் அட்டையும் இருக்கிற வீடுகளை என்ன செய்வது? தலையைத்தான் எண்ணுகிறோம் என்றால் இது அற்பமான விவாதம். மறுகுடியமர்த்தலில் எத்தனை வீடு ஒதுக்குவது என்ற கேள்வி வரும் நாளில், ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது ஆண்டு வாழ்க்கை இந்த இலக்கணத்தில் தொங்குகிறது.

எந்த அலகில் அளப்பது என்பது இந்தப் பகுதிக்கு நூறாண்டுப் பழைய பிரச்சினை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பிறந்தபோது, பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் முதற்குறைகளில் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. சங்கு ஊதியதிலிருந்து அடுத்த சங்குவரை என்பது ஆலையின் கணக்கு. கை கழுவி, வாசல்வரை நடந்து, சோறு கொண்டுவந்தவரைக் கூட்டத்தில் தேடி, தின்று முடித்து, கதவு சாத்துவதற்குள் திரும்பி ஓடுவதுவரை என்பது தொழிலாளியின் கணக்கு. இரண்டும் நிமிடத்தில்தான் சொல்லப்படுகின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியதை மறந்திருக்க மாட்டோம். அரசு அறிவித்த நிவாரணம் 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய். பாதிக்கப்பட்ட பகுதிகளிலிருந்த 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் சுமார் 8.68 கோடி. எண்ணாமல் நிவாரணம் கொடுக்க முடியாது, அதுவும் விரைவாகக் கொடுக்க முடியாது. இந்தப் பட்டியலில் யாரேனும் விடுபட்டார்கள் என்று சொல்வதும் என் நோக்கமில்லை. பட்டியலின் அலகுகளை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்: குடும்பம், படகு. கழிமுகத்தில் இடுப்பளவு சேற்றுநீரில் அமர்ந்து, கையாலேயே துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போட்டுக்கொள்கிறவர்களுக்குப் படகு கிடையாது. அவர்களுடைய கருவி அவர்களுடைய கைதான், எண்ணெய் ஒட்டிக்கொண்டதும் அதே கையில்தான். கழிமுகத்தில் எந்தெந்த முறையில், எந்தெந்த இடத்தில், யார் யார் எந்த முறைவரிசைப்படி பிடிக்கிறார்கள் என்பதை விபத்துக்கு முன்பே ஒருவர் பொறுமையாக எழுதிவைத்திருந்தால், ‘கையால் மீன்பிடிப்போர்’ என்று ஒரு வரி பட்டியலில் இயல்பாகவே இருக்கும். எழுதிவைக்காத இடத்தில், ஒவ்வொருவரும் தான் மீனவர்தான் என்று நிரூபிக்க அலுவலக வாசலில் நிற்க வேண்டும்.

நட்டமும் பல வகை. அந்த வாரங்களில் பெரம்பூர் பக்கம் தெருவில் கூடை இறக்கிய மீன்கார அம்மாவிடம், வாங்க வந்தவர்கள் ‘எண்ணூர் மீனா?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்ததை நானே பார்த்தேன். கூடையில் இருந்தது காசிமேட்டில் ஏலம் எடுத்த ஆழ்கடல் மீன். ஆற்றில் எண்ணெய், கடலில் மீன், தெருவில் நட்டம். நட்டத்தை மதிப்பிட வருகிறவர் ஆற்றோரத்தில் மட்டும் கணக்கெடுத்தால், இந்தக் கூடை கணக்குக்கு வெளியே இருக்கும். நீரில் எண்ணெயின் செறிவை எத்தனை இடத்தில் அளந்தாலும் இது அகப்படாது.

பண்புசார் ஆய்வு என்றால் நாலு பேரிடம் பேசிவிட்டு வந்து எழுதுவது என்ற எண்ணத்துக்கு, அப்படி எழுதப்பட்டு இதே பெயரில் உலவும் ஆய்வுகளும் ஒரு காரணம். முறையாகச் செய்தால் அதன் கட்டுப்பாடுகள் கடுமையானவை. அங்கே ஆட்களைத் தேர்வது சமவாய்ப்பால் அல்ல, நோக்கத்தால். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஆராய்கிறவர் விசைப்படகு முதலாளி, அதில் பங்குக்குப் போகும் தொழிலாளி, ஃபைபர் படகு வைத்திருப்பவர், ஐஸ் உடைப்பவர், ஏலக்காரர், கூடைக்கார அம்மா என்று நிலைமை மாறும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஆள் தேட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளும் இவர்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு 61 நாள். எத்தனை பேரிடம் பேசினால் போதும் என்பதற்கு, புதிதாகப் பேசுகிறவரிடமிருந்து புதிய கருத்து எதுவும் வராத நிலையை அளவாகக் கொள்கிறார்கள். நிறைவுநிலை என்று அதைச் சொல்லலாம். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை அலசி 2006இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் 12 நேர்காணல்களிலேயே நிறைவுநிலை ஏறத்தாழ எட்டப்பட்டதாகக் கண்டது. அந்த 12ஐ மட்டும் பிடித்துக்கொண்டு, எந்த ஆய்வானாலும் 12 பேர் போதும் என்று எழுதுகிற மாணவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்கள், கேள்வியும் குறுகலானது என்பதை அவர்கள் படிப்பதில்லை. எண்ணுக்கு நம்மிடம் உள்ள மயக்கம் பண்புசார் ஆய்வுக்குள்ளும் நுழைந்துவிட்டதற்கு இது அடையாளம்.

ஆள் தேர்ந்த பிறகு, யார் முன்னிலையில் பேசுகிறார்கள் என்பது அடுத்த கவலை. ஒருமுறை மீனவர் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் நடத்திய குழுக் கலந்துரையாடலில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவரும் வந்து ஓரமாக ஒரு நாற்காலியில் அமர்ந்தார். ஒலிப்பதிவைப் பிற்பாடு எழுத்தாக்கியபோது, முக்கால் பங்குப் பேச்சு அவருடையது. மீதியில் பாதி ‘அண்ணன் சொல்றது கரெக்ட்டு’. அந்த ஒரு மணி நேரத்திலிருந்து நாங்கள் அறிந்தது தலைவரின் கருத்தையும், அவர் எதிரில் மற்றவர்கள் எப்படி அடங்கிப் போகிறார்கள் என்பதையும்தான். இரண்டாவது செய்திக்கு மதிப்பு உண்டு, ஆனால் நாங்கள் தேடிப்போனது அதையல்ல. பங்குத் தொழிலாளிகளைப் பிறகு வலை சீர்செய்யும் இடத்தில் ஒவ்வொருவராகப் பார்த்தபோது வேறு கதை வந்தது. ஒரே செய்தியை வேறு வேறு வாயிலிருந்தும், நேரில் பார்த்தும், ஆவணத்தோடு வைத்தும் சரிபார்ப்பது, தன் முடிவுக்கு ஒத்துவராத ஆளை வேண்டுமென்றே தேடிப்போவது, தான் யார் என்பதால் தனக்கு எது சொல்லப்படவில்லை என்று கணக்கில் கொள்வது ஆகிய மூன்றும் இந்த முறையின் தரக் கட்டுப்பாடுகள். பேண்ட் சட்டையும் அடையாள அட்டையும் அணிந்து போன என்னை அரசாங்கத்து ஆள் என்று நினைத்தவர்கள் வருமானத்தைக் குறைத்துச் சொன்னார்கள். தொண்டையார்பேட்டையில் வளர்ந்தவன் என்று தெரிந்தபின் கடனைச் சொன்னார்கள்.

குறிப்பேடுதான் இங்கே ஆய்வுக்கூடம். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் 1948இல் தங்கிச் சேர்த்த குறிப்புகளைப் பல ஆண்டுகள் வகைப்படுத்தித் தொகுத்து வைத்திருந்தார். 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் பணியாற்றிய மையத்துக்கு யாரோ தீ வைத்ததில் அந்தத் தொகுப்பு எரிந்துபோனது. பெரும்பாலும் நினைவிலிருந்தே அவர் எழுதி 1976இல் வெளியிட்ட நூல் இந்தியச் சமூகவியலில் நிலைத்துவிட்டது. இதை வைத்துக் குறிப்பே வேண்டாம் என்று முடிவுகட்டினால் அது வேடிக்கை. இருபது ஆண்டுகள் அந்தக் குறிப்புகளை எடுத்து எடுத்துப் படித்தவருக்குத்தான் அந்த நினைவு சாத்தியம்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் கணக்கில் ஒருவரை மறைப்பது எளிது. ஒரு தெருவில் அப்பளம் போடும் அம்மாக்கள் இரண்டே பேர் இருந்தால், பெயரை மாற்றி எழுதினாலும் தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும். ஆழமாக எழுத எழுத, பேசியவர் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறார். இந்தக் கட்டுரையின் தொடக்கத்திலும் அதற்காகச் சில விவரங்களை நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

மதிப்பு பற்றிய சச்சரவு அறிஞர்களிடையிலும் ஓய்ந்தபாடில்லை. பிரிட்டனின் முன்னணி மருத்துவ இதழான பிஎம்ஜே, பண்புசார் ஆய்வுக் கட்டுரைகளைத் தனக்கு முன்னுரிமை இல்லாதவை என்று திருப்பியனுப்பி வந்ததைக் கண்டித்து, 2016 பிப்ரவரியில் டிரிஷா கிரீன்ஹால் உள்ளிட்ட 11 நாடுகளைச் சேர்ந்த 76 மூத்த ஆய்வாளர்கள் அந்த இதழுக்கே திறந்த மடல் எழுதினர். அதை வெளியிட்ட இதழாசிரியர்கள் தங்கள் கொள்கையைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. நம் ஊரில் இந்தச் சண்டை வேறு தளத்தில் நடக்கிறது. முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுகளில் நூறு பேருக்கு வினாப்பட்டியல், சதவீத அட்டவணை, இரண்டு விவரங்களுக்கு இடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் ஒரு கை-வர்க்கச் சோதனை (chi-square) என்ற வார்ப்பு உறைந்துபோயிருக்கிறது. அந்த நூறு பேர் யாரென்று பார்த்தால், மாணவரின் உறவினர், உறவினரின் நண்பர், கல்லூரி வாசலில் அகப்பட்டவர்கள். சமவாய்ப்பு மாதிரிக்கான சோதனையைச் சமவாய்ப்பே இல்லாத கூட்டத்தின்மேல் போட்டுப் பார்ப்பதை அளவுசார் ஆய்வு என்று அழைப்பது, மகலநோபிஸுக்கு நாம் செய்யும் அவமரியாதை. அதே மாணவர் அந்த நூறு பேரில் பத்துப் பேரிடம் மூன்று முறை திரும்பப் போயிருந்தால் உருப்படியான ஓர் ஆய்வு கிடைத்திருக்கும். ஆனால் மதிப்பிடும் குழுவில் ஒருவராவது, ‘வெறும் பத்து சாம்பிளா?’ என்று கேட்பார் என்ற பயத்தில் வழிகாட்டிகளே அதை அனுமதிப்பதில்லை.

கேட்காமல் எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு நாடு தழுவிய சான்று ஒன்று இருக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிந்த சாதிகள் 4,147. 2011இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் வந்து குவிந்த பெயர்கள் 46 லட்சத்துக்கும் மேல் என்று ஒன்றிய அரசு 2021இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. எண்பது ஆண்டுகளில் சாதிகள் ஆயிரம் மடங்கு பெருகிவிடவில்லை. சாதி, உட்பிரிவு, குலம், பட்டப்பெயர், எழுத்துப்பிழை என்று மக்கள் சொன்னதும் களப்பணியாளர் எழுதியதும் அப்படி அப்படியே ஏறிவிட்டன. அந்தச் சாதி விவரம் வெளியிடப்படவே இல்லை. இப்போது 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படுகிறது, அதுவும் கைப்பேசிச் செயலி வழியாக. தமிழ்நாட்டின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மீனவர் என்ற ஒரு தலைப்பின்கீழ் பர்வதராஜகுலம், பட்டணவர், செம்படவர் ஆகிய பெயர்கள் அடக்கம். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் ஒருவர் தன்னைப் பட்டினவர் என்பார், அவர் தம்பி மீனவர் என்பார், ஊர்ப் பஞ்சாயத்துப் பேச்சில் இருவருமே செட்டியாராக இருப்பார்கள். இந்தப் பெயர்களில் எவையெல்லாம் ஒரே பெயர், எவை உண்மையிலேயே வேறு என்பதை, கடற்கரையில் ஒரு மாதம் உட்கார்ந்து கேட்ட யாரேனும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால், வீட்டுக்காரர் சொன்ன விடையை எந்த வரியில் இடுவது என்பதை, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்ட வேண்டிய அவசரத்தில் இருக்கும் ஓர் ஆசிரியை வாசலில் நின்றபடியே தீர்மானித்துக்கொள்வார்.